ஓவல் கண்ட தலைவர்

2023 நவம்பரில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே பேச்சு. உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக நம்மவர் 55 ஓட்டங்களுக்குள் சுருண்டனர்; சில நாட்களில் சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்திற்று. தோற்ற ஆட்டக்காரரை மன்னித்த இரசிகரும் நிர்வாகத்தை மன்னிக்க மறுத்தனர். அக்குமுறலைக் கேட்குந்தோறும் என் நெஞ்சம் திரு. பாக்கியசோதி சரவணமுத்துவை நினைந்தது.

1892இல் பிறந்த அன்னார் சிவில் சேவை அதிகாரி. கொழும்பு மாநகரின் தெரிவுசெய்யப்பட்ட முதல் மேயரான டாக்டர் இரத்தினசோதி அவர்தம் சகோதரர். தமிழ் யூனியன் கழகத்துக்குத் தலைமை தாங்கி, கொழும்பு ஓவல் மைதானம் உருவாக முன்னின்றார். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலியக் குழு அங்கே ஆடிற்று. எதிர்த்து நின்ற இலங்கை அணிக்குச் சதாசிவம் தலைவர். அவ்வாண்டு அமைந்த கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர் பதவி சரவணமுத்து அவர்களைச் சேர்ந்தது. 1950இல் மறைந்தார்.

1977இல் மைதானம் அவர் பெயரைப் பெற்றது. நாட்டின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1982இலும், முதல் டெஸ்ட் வெற்றி 1985இலும் அத்தரையிலேயே நிகழ்ந்தன. இரண்டையும் காண அவர் இருந்தாரல்லர். தாம் காணப்போகாத வெற்றிக்கு இடம் அமைத்துச் சென்றார். பதவியில் இருப்போரிடம் எம்மனோர் வேண்டுவதும் அதுவே.