கணிதமேதை பாஸ்கல்

சூதாடுகிறவன் ஏன் தோற்கிறான்? கெட்ட நேரம் என்பர் சிலர். தலைவிதி என்பர் வேறு சிலர். இரண்டும் அல்ல, கணக்கே காரணம் என்று அறிய வழி திறந்தவர்களுள் ஒருவர் பிளேஸ் பாஸ்கல்.

பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இவர் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தை எத்தியேன் தாமே ஆசானாகி மகனுக்குப் பாடம் சொன்னார். மொழிப்பாடத்தில் கவனம் குறையும் என்று அஞ்சி, கணித நூல்களை மட்டும் மறைத்து வைத்தார். ஆனால் 12 வயதுச் சிறுவன் தரையில் கரிக்கட்டியால் படம் வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பதைத் தானே கண்டுகொண்டதாக அக்காள் ஜில்பெர்த் எழுதி வைத்துள்ளார். வரி அதிகாரியான தந்தையின் வேலைச் சுமையைக் குறைக்க, 19ஆம் வயதில் கணக்கிடும் பொறி ஒன்றையும் பாஸ்கல் உருவாக்கத் தொடங்கினார்.

சூதாட்டத்தில் ஈடுபாடுடைய தெ மெரே என்ற கனவான், பகடையாட்டம் பற்றிய ஐயங்களை இவரிடம் கேட்டார். அவை குறித்து 1654இல் பாஸ்கலும் துலூஸ் நகரத்துக் கணித அறிஞர் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களே நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமாயின.

அக்கடிதங்களில் வரும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் 1296 வகைகளில் விழலாம். அவற்றுள் 671இல் ஒருமுறையேனும் ஆறு விழும், 625இல் விழாது. வித்தியாசம் சிறிதே. ஓர் ஆட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களிலோ, ஆறு விழும் என்று பந்தயம் கட்டியவன் பை நிறையும்; மற்றவன் பை காலியாகும்.

இந்தச் சிறு வித்தியாசமே சூதாட்ட விடுதிகளின் மூலதனம். பாஸ்கல் காலத்துக்குப் பின் பரவிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உண்டு. ஓர் எண்ணில் ஒரு ரூபாய் வைத்து வென்றால், வைத்த ரூபாயோடு சேர்த்து 36 ரூபாய் கிடைக்கும். எல்லா எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தாலோ, 37 கொடுத்து 36தான் பெறுவோம். மீதி ஒரு ரூபாய் விடுதிக்கு! அங்கே மோசடி எதுவும் தேவையில்லை. பத்து முறை கறுப்பு வந்ததால் அடுத்தது சிவப்பு என்றும் நம்ப முடியாது. சக்கரத்துக்கு நினைவு கிடையாது. விட்டதைப் பிடிக்க ஆட ஆட, அந்த ஒரு ரூபாய் திரும்பத் திரும்பப் போகும். அப்படிக் கரைந்த குடும்பங்கள் எத்தனை!

அதே 1654ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு பாஸ்கல் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றார். அதை எழுதிய தாளைத் தம் மேலங்கிக்குள் தைத்து வைத்திருந்தது அவர் இறந்த பிறகே தெரிந்தது. சூதாட்டக் கணக்கையே விசுவாசத்துக்கும் பயன்படுத்தினார்: இறைவனை நம்பி வாழ்வதில் இழப்பது அளவுடையது, பெறுவதோ முடிவில்லாதது என்பது அவர் வாதம்.

ஏழைக் குடும்பம் ஒன்றைத் தம் வீட்டில் தங்கவைத்திருந்தார். அதன் பிள்ளைக்கு அம்மை கண்டபோது, அவர்களை வெளியேற்றாமல் நோயாளியான தாமே அக்காள் வீட்டுக்குப் போனார். அங்கேயே 1662 ஆகஸ்டு 19இல், 39ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரது 400ஆவது பிறந்தநாளில், 2023இல், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் போற்றித் திருமடல் வெளியிட்டார்.

தோழியரே, எளிதில் பணம் வரும் என்று எவரேனும் ஆசை காட்டினால், முதலில் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுவோம்!