பாலாற்றங்கரைப் பேச்சாளர்

கடவுள் இல்லை என்போம் நாம். கந்தன் உண்டு என்றார் அவர். அந்த வழக்கு தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆயினும், வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் 1906-இல் பிறந்த கிருபானந்த வாரியாரை, எதிர் முகாம் என்று ஒதுக்கிவிட என்னால் இயலாது.

பள்ளிக்கூடம் போகாதவர், தந்தை மல்லையதாசரே ஆசான். 12 வயதுக்குள் பதினாயிரம் பாடல்கள் மனப்பாடம் என்பர். செங்குந்தர் குலத்துப் பிள்ளை! தறியும் நூலும் அறிந்த மரபிலே வந்தவர், வடமொழி கற்றோர் உரிமை கொண்டாடிய புராண மேடையிலே ஏறி அமர்ந்தார். அருணகிரியின் தமிழை ஊரூராய் முழக்கினார். சிறு செய்தியா இது? 1936-இல் ‘திருப்புகழ் அமிர்தம்’ என்ற மாத இதழைத் தொடங்கி, 37 ஆண்டுகள் நடத்தினார்.

பேச்சோ, பாமரன் பேச்சு. ஆம்பூரிலே நாளெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் தோலோடு மல்லாடிய தொழிலாளி, மாலையில் வந்து உட்கார்ந்தாலும் புரியாத சொல் இராது. கதையை நிறுத்திச் சிறுவரைக் கேள்வி கேட்பார்; விடை சொன்னவனுக்குப் பரிசு! சிரிப்பிலே கூட்டம் குலுங்கும். வானொலியும் ஒலிநாடாவும் அந்தக் குரலை வீட்டுக்குள் கொண்டு சேர்த்தன.

கை வெந்த தொழிலாளிக்குக் கந்தபுராணம் கூலி உயர்த்தித் தருமா? தராது; தொழிற்சங்கம்தான் தரும். அதைச் சொன்னது நம் மேடை. ஆனால் எம்.ஜி.ஆருக்குத் தொண்டர்கள் முழங்கும் ‘பொன்மனச் செம்மல்’ பட்டம் இருக்கிறதே, அதைச் சூட்டியவர் இந்த ஆத்திகர்தான்!

1993 நவம்பர் 7-இல், இலண்டனிலிருந்து திரும்பும் வழியில், வானூர்தியிலேயே அவர் உயிர் பிரிந்தது. நினைவாலயம் காங்கேயநல்லூரிலே நிற்கிறது.