சொல் போதாத துயரம்

உள்ளத்தில் எழும் உணர்ச்சியே சொல்லாகிக் கவிதையாகிறது என்பது சீனரின் பழைய இலக்கியக் கொள்கை. சொல் போதாதபோது பெருமூச்சும், அதுவும் போதாதபோது பாட்டும் பிறக்குமாம். இதைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அப்படியானால் அழுகையும் கவிதையும் ஒன்றுதானா? விடையை லி சிங்சாவ் என்ற கவிதாயினியின் வாழ்க்கையில் கண்டேன்.

அவர் 1084இல், சொங் அரசர் காலத்தில் பிறந்தார். 1101இல் சாவ் மிங்செங்கை மணந்தார். கணவர் அப்போது மாணவர். உடைகளை அடகு வைத்து, கோயிற் சந்தையில் கல்வெட்டுப் படிகளும் பழங்களும் வாங்கி வருவார். உணவுக்குப் பின் இருவருக்கும் ஒரு விளையாட்டு. ஒரு செய்தி எந்த நூலில், எத்தனையாம் பக்கத்தில் உள்ளது என்று சரியாகச் சொல்பவருக்கே முதற் தேநீர். வென்றவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மடியில் கொட்டிவிடும்.

1127இல் வடசீனம் ஜின் படையிடம் வீழ்ந்தது. பதினைந்து வண்டி நூல்கள் தெற்கே போயின. வீட்டில் விட்டவை எரிந்தன. 1129இல் கணவர் இறந்தார். எஞ்சியவையும் சிறிது சிறிதாகக் களவு போயின. 1132இல் செய்த மறுமணம் சில மாதங்களே நீடித்தது. அந்தக் கணவரின் மோசடியை அவரே அரசுக்கு அறிவித்தார். கணவனைக் குற்றஞ்சாட்டும் மனைவிக்கும் சிறை என்பது அன்றைய சட்டம். ஒன்பது நாள் சிறையிலிருந்தார்.

முதற் கணவரின் கல்வெட்டு நூலுக்கு அவர் எழுதிய பின்னுரையில்தான் அந்தத் தேநீர்க் கதை வருகிறது. இழப்பைச் சொல்ல அவர் சிரிப்பை எழுதினார்! இசைப்பாடல் பற்றிய தமது கட்டுரையிலோ, ஓசை பிசகியதற்காகப் பெருங்கவிஞர் சு ஷியையே குறை கூறினார். உணர்ச்சி இருந்தால் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவரது புகழ்பெற்ற துயரப் பாடலின் தொடக்கத்தில் ஏழு சொற்கள் இரட்டித்து வருகின்றன. நாம் வகுப்பில் படிக்கும் அடுக்குத்தொடர் போன்றது அது. பிறகு மாலைக் காற்று, பறந்து செல்லும் வாத்துகள், இலைமீது சொட்டும் மழை. கவலை என்ற சொல் கடைசி அடியில்தான் வருகிறது, அதுவும் அச்சொல் போதாது என்று காட்டுவதற்காக.

முதுமையில் அவர் ஒரு சிறுமிக்குத் தம் கலையைக் கற்பிக்க முன்வந்தார். எழுத்து பெண்களுக்கு உரியதன்று என்று அவள் மறுத்துவிட்டாள். பிற்காலத்தில் அவளது கல்லறை வாசகத்தில் கவிஞர் லு யூ இதனைப் பெருமையாகவே எழுதினார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.