பிராம் ஸ்டோக்கர்: அரங்க வாழ்வும் ‘டிராகுலா’வும்

‘டிராகுலா’ என்னும் அச்சச்சுவை நாவலால் இன்று அறியப்படும் பிராம் ஸ்டோக்கர், தம் காலத்தில் நாடக அரங்க மேலாளராகவே பெரிதும் அறியப்பட்டவர். அந்நாவலின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள அவரது அரங்க வாழ்வை அறிதல் வேண்டும்.

1847 நவம்பர் 8 அன்று டப்ளினை அடுத்த கிளான்டார்ஃபில் பிறந்த அவர், ஏறத்தாழ ஏழு வயது வரை நோய்ப்படுக்கையில் கிடந்தார். 1832இல் ஸ்லைகோவில் பரவிய காலராவின் கொடுமைகளை நேரிற் கண்ட தாய் சார்லட், அவற்றை மகனுக்குக் கதைகளாகக் கூறினார். டிரினிட்டி கல்லூரியில் பயின்று அரசுப் பணியில் இருந்தபோது, ஊதியமின்றி நாடகத் திறனாய்வுகள் எழுதினார். அவற்றின்வழி நடிகர் ஹென்றி இர்விங்கின் நட்பு வாய்த்தது. 1878இல் இர்விங்கின் இலண்டன் லைசியம் அரங்கில் மேலாளராகி, ஏறத்தாழ 27 ஆண்டுகள் உழைத்தார்.

1890இல் விட்பி நகரில் தங்கியிருந்தபோது, வில்லியம் வில்கின்சனின் வரலாற்று நூலில் ‘டிராகுலா’ என்னும் பெயரைக் கண்டார். நாவல் 1897 மே மாதம் வெளிவந்தது. அதற்குச் சில நாள் முன்னர், மே 18 அன்று, நாடக உரிமையைக் காக்கும் பொருட்டு அக்கதையை லைசியம் மேடையில் வாசிக்கச் செய்தார். அரங்கத் தொழில் கற்பித்த முன்னெச்சரிக்கை அது.

1912இல் அவர் மறைந்தார். 1922இல் முர்னாவ் இசைவின்றி ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஜெர்மானியத் திரைப்படத்தை இயக்கினார். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்காடி, 1925இல் அதன் படிகளை அழிக்கும் ஆணையைப் பெற்றார். எனினும் சில படிகள் தப்பின. அவரது இசைவுடன் ஹாமில்டன் டீன் 1924இல் அரங்கேற்றிய நாடகமே, அமெரிக்க மேடைக்கெனத் திருத்தப்பெற்று, 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு வழிவகுத்தது. ஆகவே, நூலுக்கும் திரைக்கும் இடையே பாலமாக அமைந்தது, ஸ்டோக்கர் காக்க முயன்ற மேடை உரிமையே எனலாம்.