அறியாமையை எதிர்த்த அயோத்திதாசப் பண்டிதர்

ஒரு சமுதாயம் தாழ்ந்து கிடப்பதற்குப் பொருள் வறுமை ஒரு காரணம் எனில், அறிவு வறுமை மற்றொரு காரணமாகும். அவ்வறிவு வறுமை தாழ்த்தப்பட்டோர்க்கு மட்டுமே உரியது என்று கற்றோர் பலரும் எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. அது நாடு முழுவதையும் பற்றிய நோய் என்று எடுத்துக்காட்டி, அதற்கு மருந்தாக ஓர் இதழை ஒரு பைசா விலையில் வழங்கியவர் அயோத்திதாசப் பண்டிதர். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அப்பெருமகனாரின் வரலாற்றை நம் இளைஞர் அறிந்துகொள்ளுதல் பொருத்தமுடையதாகும்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். இளமைக் காலம் நீலகிரியில் கழிந்தது. தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழோடு பாலி, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றையும் பயின்றார். சித்த மருத்துவத்தில் தேர்ந்து, அதனையே தொழிலாகக் கொண்டார்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரின் இல்லத்தில் பட்லராகப் பணிபுரிந்தவர். தம் வீட்டில் பாதுகாத்து வந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கந்தப்பன் அத்துரையின் வழியாக எல்லிஸ் என்னும் அறிஞரிடம் சேர்ப்பித்தார் என்பதைப் பண்டிதர் பதிவு செய்துள்ளார். தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பத்தைச் சார்ந்தவை என்று 1816இல் எடுத்துரைத்தவரே அந்த எல்லிஸ். கல்வியற்ற குடி என்று ஊரார் ஒதுக்கிய ஒரு குடியின் வீட்டில் திருக்குறட் சுவடி இருந்தது. அறியாமை இங்கு யாரிடம் இருந்தது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1885இல் ஜான் ரத்தினம் அவர்களுடன் இணைந்து ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் நீலகிரியின் சார்பில் கலந்துகொண்டு, தம் மக்களுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்படுவது ஏன் என வினவினார். சிவனும் திருமாலும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்லர் என்ற கருத்தில் அவையில் மறுமொழி வந்தது. பண்டிதர் கலங்கவில்லை. அத்தெய்வங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், எம் மக்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார். அன்று அவ்வவையில் இருந்தோர் படித்தவர்களே. படிப்பு இருந்தும் உடன்வாழும் மனிதரைப் பற்றிய அறிவு அவர்களிடம் இல்லை என்பதை அவர் நேரில் கண்டார்.

1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அங்கிருந்தே 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவரத் தொடங்கிற்று. ரூபாய் ஒன்றுக்கு 64 பைசா கொண்ட காலம் அது. கூலித் தொழிலாளியும் வாங்கத்தக்க விலையையே அவர் இதழுக்குப் பெயராகவும் சூட்டினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் மாறிற்று. கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் முதலிய இடங்களில் வாழ்ந்த உழைப்பாளிகளின் கரங்களுக்கும் அது சென்றது.

அரசியல், வரலாறு, மருத்துவம், சமயம், நாட்டு நடப்பு ஆகிய அனைத்தும் அவ்விதழில் இடம் பெற்றன. வாசகர் வினா எழுப்புவர். பண்டிதர் விடை அளிப்பார். வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்னும் நான்கும் ஒரு நாட்டை உயர்த்துவன என்று அவர் இடையறாது வலியுறுத்தினார். பட்டங்கள் பெற்றும் மக்களுக்குப் பயன்படும் தொழிலொன்றையும் கண்டறியாதவர்களை அவர் கடிந்துரைத்தார்.

அவருடைய ஆராய்ச்சிப் போக்குக்கு ஒரு சான்று கூறலாம். தீபாவளியை எள்ளின் நெய்யைக் கண்டறிந்த நன்னாளாகவும், கார்த்திகை விளக்கீட்டை ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்து விளக்கேற்றிய நாளாகவும் அவர் விளக்கினார். இவ்விளக்கங்களை ஏற்பவரும் உளர்; மறுப்பவரும் உளர். எல்லாரும் கொண்டாடும் ஒரு நாளைக் குறித்து, இது எவ்வாறு தோன்றிற்று என்று கேட்கும் துணிவே நாம் அவரிடம் கற்கத்தக்கது. அவர் கூற்றையும் அதே துணிவுடன் ஆராய்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

அக்காலத்தில் நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. ‘தமிழன்’ தோன்றிய அதே 1907இல், வெங்கானூர் அய்யன்காளி சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவு திறக்கும் வரையில் வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரை உறுதி கொள்ளச் செய்தார். ஊரூட்டம்பலம் பள்ளியில் ஒரு சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றதைப் பொறாதவர்களால் அப்பள்ளியே தீக்கிரையாயிற்று. எழுத்தறியாத ஒருவர் பள்ளிக்காகப் போராடினார்; பள்ளியின் பயனை நுகர்ந்து வந்தவர்களே அதனை எரித்தனர். சென்னையில் பண்டிதர் கண்ட உண்மையும் இதுவேயன்றோ!

பண்டிதர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். அதன் பின்னர்ப் படித்த தமிழுலகம் அவரைப் பெரும்பாலும் மறந்தது. தங்கவயல் பௌத்தர்கள் போன்ற சிலரே அவர் நினைவைக் காத்தனர். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகளை நமக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பின்னரே அவர் பெயர் பரவலாயிற்று. 2005இல் நடுவண் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. 2023இல் சென்னையில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 85 ஆண்டுகள் ஓர் அறிஞரை அறியாதிருந்ததும் பொது அறியாமையின் ஒரு வடிவமே.

இன்று பொது அறிவு என்னும் சொல், தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் வினா விடைத் தொகுப்பைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. வேலை கிடைத்ததும் அந்நூல் மூடப்படுகிறது. மறுபுறம், கைப்பேசியில் வந்து சேரும் எச்செய்தியும் ஆராயப்படாமலே பிறர்க்கு அனுப்பப்படுகிறது. தேர்வில் வெல்லுதல் நம் பிள்ளைகளுக்கு இன்றியமையாததே. அதனை எவரும் குறைத்துக் கூறுதல் தகாது. ஆனால் நம்மைக் குறித்துப் பிறர் சொல்லும் கதைகளையும், நாமே நம்பி வரும் கதைகளையும் ஆராயாத படிப்பு, அன்று பண்டிதருக்கு மறுமொழி சொன்ன அவையோரின் படிப்பையே ஒக்கும்.

ஆதலின் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு நூலையேனும் கையில் எடுத்தல் வேண்டும். ஊர்தோறும் மாலை வேளையில் இளைஞர் கூடி, படித்ததை உரக்க வாசித்து, ஐயம் எழுப்பி, விடை தேடுதல் வேண்டும். முதியோரின் நினைவில் உள்ள நம் ஊர் வரலாற்றை எழுதி வைத்தல் வேண்டும். பண்டிதர் ஒரு பைசாவுக்கு வழங்கிய அறிவின் தொடர்ச்சியாக நம் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணி அமையுமாறு உழைப்போமாக.