டோக்கியோவில் தனித்து நின்ற இந்திய நீதிபதி ராதாபினோத் பால்

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வராத ஒருவரின் பெயர், பழைய தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் சொல்லப்படுகிறது. போர் முடிந்த பிறகு ஜப்பானின் பிரதமராக இருந்த டோஜோவும் அவருடைய அமைச்சர்களும் தளபதிகளும் டோக்கியோவில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட, சாட்டப்பட்ட எந்தக் குற்றத்துக்கும் குற்றவாளி அல்ல என்று ஒரு நீதிபதி எழுதினார். அவர் இந்தியர். பெயர் டாக்டர் ராதாபினோத் பால்.

முதலில் கேட்கும்போது நமக்குக் கோபம்தான் வரும். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் முழுவதும் போய்விடாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது.

ஒன்றுபட்ட வங்காளத்தின் நதியா மாவட்டத்தில், குஷ்டியாவுக்கு அருகே ஒரு கிராமத்தில் 1886 ஜனவரி 27இல் பால் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. சிறுவயதிலேயே தந்தையின் ஆதரவு இல்லாமல் போனது. வறுமைக்கு நடுவே உபகாரச் சம்பளத்தின் துணையோடு படித்து, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றார். மைமன்சிங்கில் ஒரு கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்துகொண்டே சட்டமும் படித்தார். 1924இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் சட்டப் பேராசிரியர், அரசாங்கத்துக்கு வருமான வரிச் சட்ட ஆலோசகர், 1941இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று படிப்படியாக உயர்ந்தார். டோக்கியோ அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 60.

நீதிமன்றத்தை அமைத்தவர் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர். 1946 மே 3ஆம் தேதி விசாரணை தொடங்கியது. பதினொரு நாடுகளிலிருந்து பதினொரு நீதிபதிகள். பதினொன்றும் வென்ற பக்கத்து நாடுகள். நடுநிலை நாடு ஒன்றுகூட இல்லை. முதலில் இந்தியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அதில் இடமே கொடுக்கவில்லை. பிறகுதான் சேர்த்தார்கள். அதனால் பால் போய்ச் சேர்வதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

கல்கத்தாவில் மனைவி நோயுற்றிருந்ததால் அவர் இடையிடையே ஊருக்குப் போய்வந்தார். பல நாள்கள் நீதிமன்றத்தில் உட்காரவில்லை என்பது அவர் மீதான குறைகளில் ஒன்று. ஆனால் டோக்கியோவில் இருந்த காலத்தில் ஹோட்டல் அறையிலேயே சாட்சியப் பத்திரங்களோடும் சட்டப் புத்தகங்களோடும் பொழுதைக் கழித்தார். அதில் விளைந்தது ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட தனித் தீர்ப்பு.

போர் தொடுப்பதே தனிமனிதர் செய்யும் குற்றம் என்ற சட்டம், போர் தொடங்கியபோது உலகில் இல்லை. போர் முடிந்த பின் வென்றவர் எழுதிய சட்டத்தை முன்தேதியிட்டுத் தோற்றவர்மேல் வீசக்கூடாது. இதுதான் அவர் வாதத்தின் அடிப்படை. அந்நிய மண்ணைப் பிடிப்பது குற்றம் என்றால், கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நாடுகள் ஆசியாவில் பிடித்து வைத்திருப்பது என்ன என்றும் அவர் கேட்டார். அப்போது மலாயா பிரிட்டிஷார் கையில் இருந்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவையும் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமையும் திரும்பப் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது அணுகுண்டு. ஹிரோஷிமாவில் மட்டும் 1945 முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதை எழுப்பப் பார்த்தபோது நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோ நகரத்தைத் தீக்குண்டுகளால் எரித்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொன்றதற்கும் எந்த நீதிமன்றமும் கூடவில்லை. பால் தம் தீர்ப்பில் அணுகுண்டைப் பேசாமல் விடவில்லை. போரைச் சீக்கிரம் முடிப்பதற்காக ஆண், பெண், குழந்தை என்று பாராமல் அழிக்கலாம் என்ற எண்ணம் முதல் உலகப் போரில் ஜெர்மானியப் பேரரசருக்கு இருந்ததாகச் சொல்வார்கள். பசிபிக் போரில் அதற்கு நெருங்கி வருவது ஏதாவது இருந்தால், அது அணுகுண்டு போட எடுத்த முடிவுதான் என்று அவர் எழுதினார்.

1948 நவம்பர் 12இல் தண்டனை அறிவிக்கப்பட்டது. பாலின் தீர்ப்பு நீதிமன்றத்தில் வாசிக்கப்படவில்லை. வேறு சில நீதிபதிகளும் சில இடங்களில் மாறுபட்டார்கள் என்றாலும் எல்லாரையும் விடுவிக்கச் சொன்னவர் இவர் ஒருவரே. டிசம்பர் 23இல் டோஜோ உட்பட ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நம் நாட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. டிசம்பர் 11, 12 தேதிகளில், சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் எதுவும் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். டோக்கியோவில் நீதிபதி ஆசனத்தில் இருந்த அதே பிரிட்டன். அதற்காக ஒரு சிப்பாய்கூட விசாரணைக் கூண்டில் ஏறியதில்லை. பொது விசாரணை கேட்டுக் குடும்பத்தார் லண்டன் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2015இல் அதுவும் தள்ளுபடியானது. பால் கேட்டது இதைத்தான்.

ஆனால் சயாம் ரயில் பாதை விஷயத்தில் அவர் எழுதியது நமக்குக் கசக்கத்தான் செய்யும். ஜப்பானியப் படையினர் செய்த கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. நான்ஜிங்கில் நடந்தவற்றுக்கும் கைதிகள் பட்ட சித்திரவதைக்கும் சாட்சியம் நிறைய இருக்கிறது என்றே ஒப்புக்கொண்டார். நேரடியாகச் செய்தவர்கள் வேறு நீதிமன்றங்களில் தண்டனை அடைந்துவிட்டார்கள், மேலிடத்துத் தலைவர்கள் உத்தரவிட்டதற்குத்தான் ஆதாரம் இல்லை என்றார். ரயில் பாதையில் போர்க் கைதிகளை வேலை வாங்கியதற்கு டோஜோவே பொறுப்பு என்று ஏற்றும், அது அரசின் செயல், தனிமனிதக் குற்றமாகாது என்று முடித்துவிட்டார்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். டோக்கியோவில் பேசப்பட்டதோ பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளின் துன்பம். இன்றும் காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. வென்றவரின் குற்றத்தை எடுத்துக்காட்டத் தோற்றவரை முழுவதும் விடுவிக்க வேண்டுமா? இந்த இடத்தில் பாலோடு என்னால் உடன்பட முடியவில்லை.

1952இல் அமெரிக்க ஆட்சி விலகியதும் ஜப்பானில் அவர் தீர்ப்பு, ஜப்பான் குற்றமற்றது என்று பொருள்படும் தலைப்போடு புத்தகமாக வந்தது. அவர் சொன்னது அதுவல்ல. அதே ஆண்டு ஹிரோஷிமாவுக்குப் போனவர், தவற்றை இனிச் செய்யமாட்டோம் என்ற பொருளில் நினைவுச் சின்னத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து வருந்தி, குண்டு போட்டவர்கள் ஜப்பானியர்கள் அல்லவே என்று கேட்டார். ஐக்கிய நாடுகளின் அனைத்துலகச் சட்ட ஆணையத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராகவும் இருமுறை தலைவராகவும் இருந்தார். 1959இல் இந்தியா பத்மவிபூஷண் கொடுத்தது. 1966இல் ஜப்பானியப் பேரரசர் விருது வழங்கினார். 1967 ஜனவரி 10இல் கல்கத்தாவில் காலமானார்.

2005இல் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் பாலுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதே ஆலய வளாகத்தில் ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முகப்புக் கூடத்தில் ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சின் பளபளப்பாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 1943இல் சயாம் – பர்மா ரயில் பாதைத் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் அது.