நாயுடம்மா என்ற வழிகாட்டி

தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி எவ்வளவு அவசியம் என்பது பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் எழுத்தாளன் இல்லை. நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஆம்பூர் பக்கம் டேனரிகளுக்கு டிரம் செய்து கொடுக்கும் சின்ன வொர்க்‌ஷாப் நடத்துகிறவன். உபதேசம் செய்கிற வயதும் எனக்கு இல்லை. அதனால் எங்கள் தோல் தொழிலுக்கே வழிகாட்டியாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர்தான் டாக்டர் யெலவர்த்தி நாயுடம்மா.

பெயரைக் கேட்டால் பெண் என்று நினைக்கத் தோன்றும். பள்ளியில் படிக்கும்போது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆந்திராவில் குண்டூர் மாவட்டம், தெனாலிக்குப் பக்கத்தில் யெலவர்ரு என்ற கிராமத்தில், 1922 செப்டம்பர் 10-ம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளை அவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ரசாயனத் தொழில்நுட்பம் படித்தார். பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் தோல் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். தோல் வேலை என்றாலே ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய காலம் அது. நல்ல விவசாயக் குடும்பத்துப் பையன் அந்தப் படிப்பைத் தேடிப் போனதே ஒரு துணிச்சல்தான்.

நாடு திரும்பியதும் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1948-ல் தொடங்கிய அந்த நிலையத்துக்கு 1958-ல் இயக்குநரானார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. என் வயதுதான்!

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டி டேனரிகள் ஏராளம். சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று பரம்பரையாக வந்த வேலை. ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். அது வெந்ததா வேகவில்லையா என்பதை மேஸ்திரியின் விரல்தான் சொல்லும். அந்த விரலுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனால் ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டால் மேஸ்திரிக்கும் சொல்லத் தெரியாது. இந்தப் பக்கம் அனுபவம், அந்தப் பக்கம் லேபரட்டரி. நடுவில் பாலம் இல்லை.

அந்தப் பாலத்தைக் கட்டியவர் நாயுடம்மா. ஆராய்ச்சி முடிந்தால் கட்டுரை எழுதியாயிற்று, வேலை தீர்ந்தது என்று அவர் உட்காரவில்லை. லேபில் கண்டுபிடித்தது டேனரிக்குப் போய்ச் சேர வேண்டும், டேனரியின் கஷ்டம் லேபுக்கு வந்து சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலாளிகளும் மேஸ்திரிகளும் தயங்காமல் நிலையத்துக்குள் வரலாம் என்ற சூழ்நிலையை உண்டாக்கினார். அங்கேயே இருந்த மாதிரி டேனரியில் புது முறைகளைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. தோலின் வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு இன்டிகேட்டர் விட்டால், அமிலம் நடு வரைக்கும் இறங்கியதா என்று நிறமே சொல்லிவிடும். விரல் வித்தையோடு இந்தச் சொட்டு வித்தையும் சேர்ந்தபோது தப்பு குறைந்தது, நம்பிக்கை கூடியது. தோல் தொழில்நுட்பப் படிப்பு அந்த வளாகத்தில் வளர்ந்தது. டேனரி முதலாளிகளின் பிள்ளைகளும் அங்கே மாணவர்களாகப் போனார்கள்.

1971-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராக டெல்லி சென்று, 1977 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பாதி பதனிட்ட தோலைக் கப்பலேற்றிவிட்டு, அதையே வெளிநாட்டுக்காரன் ஷூவாக்கி லாபம் பார்ப்பதை வேடிக்கை பார்க்கக் கூடாது, முழுதாகப் பதனிட்டுப் பொருளாகச் செய்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் வலுத்த காலம் அது. 1972-ல் சீதாராமையா குழு இதையே பரிந்துரைத்தது. 1973 முதல் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. சட்டம் போட்டால் மட்டும் தொழில் மாறிவிடுமா? மாறுவதற்கான வித்தை தெரிந்த ஆட்கள் வேண்டுமே. அந்த ஆட்களை உருவாக்கும் வேலை அடையாறில் முன்பே தொடங்கியிருந்தது. இன்று ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்களில் காலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பிறகு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1985 ஜூன் 23-ம் தேதி, கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே குண்டு வெடித்துக் கடலில் விழுந்தது. இறந்த 329 பேரில் நாயுடம்மாவும் ஒருவர். வயது அறுபத்திரண்டு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வொர்க்‌ஷாப் போட்ட முதல் வருடம், சுண்ணாம்பு டிரம் ஒன்றுக்கு நானே கணக்குப் போட்டு கியர் மாட்டிக் கொடுத்தேன். கணக்கு சரி, வேகம் தப்பு. சுண்ணாம்பில் ஊறிய தோல் பூப்போல இருக்கும். டிரம் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். என் டிரம் சுற்றிய சுற்றில் ஒரு லாட் தோல் முழுக்க மேல்பரப்பு உரிந்துபோனது. நஷ்டத்தில் பாதியை நான் ஏற்றேன். கடையை மூடிவிடலாம் என்று இருந்தபோது, ரிட்டயர் ஆன மேஸ்திரி பாய் ஒருவர் தானாக வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ரெண்டு நாள் என்னோடு டிரம் பக்கத்திலேயே நின்று, எந்த வேலைக்கு எத்தனை சுற்று என்று சொல்லிக் கொடுத்தார். நான் படித்த படிப்பில் இல்லாத பாடம் அது. முன்னாலேயே போய்க் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும். இஞ்சினீயர் என்ற கர்வம் கேட்க விடவில்லை.

பக்கத்தில் வந்து நிற்பவர்தான் வழிகாட்டி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாயுடம்மா ஒரு தொழில் முழுவதற்கும் செய்ததை, அந்தப் பாய் எனக்கு ஒருவனுக்குச் செய்தார்.

இன்னும் பாடம் பாக்கி இருக்கிறது. தோல் பதனிடக் கற்ற வேகத்தில் கழிவைச் சுத்திகரிக்க நாங்கள் கற்கவில்லை. பாலாறும் கிணறுகளும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் பல டேனரிகள் விழித்துக்கொண்டன. உப்பையும் குரோமையும் குறைக்கும் வேலைக்கு இன்னொரு தலைமுறை வழிகாட்டிகள் தேவை. அவர்கள் நம் கல்லூரியிலிருந்து வரக்கூடாதா?

மாணவத் தம்பி தங்கைகளே, தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சீனியர் அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த விழா முடிந்து ஊர் திரும்புமுன், தொழில் தொடங்கியிருக்கும் ஒரு ஜூனியரின் விலாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு நாள் அவன் கடைக்குப் போய் நில்லுங்கள். என் வொர்க்‌ஷாப் கதவும் திறந்தே இருக்கும்.

வாழ்க நம் கல்லூரி!